நவமணி முதலாளி பிறந்த காம்பரா

நவமணி முதலாளி என்று ஓர் ஆள் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. அவர் ஒரு நாவலில் வருகிறவர். இருந்தாலும் ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பீலிக்கரை லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அம்மாக்கண்ணுவின் ஒற்றை அறைக் காம்பராவில்தான் அவர் பிறந்தார் என்று கொட்டகலையில் கூடிய கூட்டமொன்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அம்மாக்கண்ணுவை யாரும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவளால் போயிருக்க முடியாது. அன்றைக்குக் கொழுந்து மும்முரம்.

நாவலின் பெயர் 'ஏழாம் வளைவில் ஒரு பங்களா'. மலையகத்தின் மகத்தான நாவல் என்று அதைப் படித்தவர்கள் சொல்வார்கள். படிக்காதவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். மூடுபனி நாளொன்றில் கறுப்புக் காரில் ஒருவர் வந்து இறங்குகிறார். ஏழாம் வளைவில் இருக்கும் வெள்ளைக்காரன் பங்களாவைப் பேரம் பேசாமல் வாங்குகிறார். அவர் எங்கிருந்து வந்தார், தாய் தகப்பன் யார், இத்தனை சொத்து எப்படிச் சேர்ந்தது என்பதெல்லாம் கடைசிப் பக்கம் வரைக்கும் தெரியாது. எழுதியவரும் சொல்லாமலே செத்துப்போனார். ஒரே ஒரு வரியில் மட்டும் கொஞ்சம் வாயைத் திறந்திருந்தார்: 'பஞ்சு மெத்தையிலும் முதலாளிக்குத் தூக்கம் வரவில்லை. பீலிக்கு மேலே, லயத்துக் கடைசிக் காம்பராவில், தன் மூக்கின்மேல் சொட்டிய தண்ணீரை நினைத்துக்கொண்டார்.'

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தைக் கூட்டிய மலைநாட்டு நாவல் மரபுப் பேரவை பல காலமாக ஆராய்ச்சி செய்துவந்தது. ஆராய்ச்சியில் ஒரு சிரமம் இருந்தது. மலைத்தண்ணீர் விழும் பீலி இல்லாத லயம் குறைவு. கடைசிக் காம்பரா இல்லாத லயம் கிடையவே கிடையாது. ஒழுகாத கூரையோ தேடினாலும் அகப்படாது. பொகவந்தலாவைப் பக்கம் போன ஆய்வுக்குழு, போன இடமெல்லாம் நவமணி முதலாளி பிறந்திருக்கலாம் என்று அறிக்கை எழுதிவிட்டுத் தடிமனும் தும்மலுமாகத் திரும்பியது. கடைசியில், வேன் போகக்கூடிய பாதை உள்ள லயம் எது என்று பார்த்தார்கள். அப்படித்தான் ஒரு மார்கழி மழையில் அம்மாக்கண்ணு வீட்டு வாசலில் அந்த வேன் வந்து நின்றது.

அம்மாக்கண்ணுவும் அவள் புருஷன் மாயாண்டியும் வந்தவர்களை அரசாங்க வீட்டுத் திட்டத்து ஆட்கள் என்று நினைத்தார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. இறங்கியதும் கண்ணாடி போட்ட பெரியவர் அண்ணாந்து பார்த்து, "கூரையைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றார். மாயாண்டி ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"வாங்க சேர், உள்ளுக்கு வாங்க. மூணு எடத்துல ஒழுகுது சேர். இந்தா, இந்தக் கட்டிலுக்கு மேலதான் ரொம்ப மோசம்."

"ரொம்ப மோசமா?" பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்தான் பேரவையின் பணிப்பாளர், முனைவர் பட்டம் வாங்கிய கலாநிதி ஜீவராஜ். "அம்மா, நான் இந்தக் கட்டிலில் கொஞ்சம் படுக்கலாமா?"

மலையேறி வந்த மனிதருக்கு மயக்கம் போலிருக்கிறது என்று அம்மாக்கண்ணு பயந்துபோனாள். "தலையச் சுத்துதா சேர்? இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊத்தவா?"

கலாநிதி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். முதல் சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. குழுவில் ஒருவர் தலையில் கை வைத்தார். அப்போது செயலாளர் ஜெயந்தினி மெதுவாகச் சொன்னாள்: "சேர், முதலாளி உங்களைவிட உயரமானவர்."

கலாநிதி முதுகால் உந்தித் தலைமாட்டுப் பக்கம் நகர்ந்தார். அடுத்த சொட்டு சரியாக மூக்கின்மேல் விழுந்து தெறித்தது. கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாயாண்டியும் மரியாதைக்குக் கைதட்டினான். இனிக் கூரை வந்துவிடும் என்று அவன் நினைத்தான்.

வந்தது ஒரு பலகை. 'புகழ்பெற்ற நாவலின் நாயகர் நவமணி முதலாளி அவதரித்த இல்லம். பாதுகாக்கப்பட்ட ஒழுக்கு. கூரையைத் தொடுதல், அடைத்தல், மாற்றுதல் கூடாது.' தோட்ட நிர்வாகம் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. கூரையைத் திருத்தச் சொல்லி மனுக்கள் வந்து குவிந்த அலுவலகத்துக்கு, திருத்தவே கூடாது என்று கேட்டு முதல் தடவையாக ஒருவர் வந்திருக்கிறார். அன்றைக்கே சம்மதித்துவிட்டார்கள்.

இதில் அம்மாக்கண்ணுவுக்கு என்ன கஷ்டம் என்றால், கூரைக்குப் புதுத் தகரங்களை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. மகள் ஷாமிலா கொழும்பில் கார்மண்ட் வேலை செய்து சேர்த்ததில் வாங்கி அனுப்பியவை. வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் சுவரோடு சாய்த்துவைத்திருந்தாள். ஷாமிலா இப்போது மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வைகாசியில் பிள்ளை பிறக்கும், வைகாசியில்தான் பெருமழையும் இறங்கும். காம்பராவில் கட்டில் போட இருப்பது ஒரே இடம். அது நவமணி முதலாளியின் மூக்கு இருந்த இடம்.

அடுத்த தடவை கலாநிதி வந்தபோது அம்மாக்கண்ணு கேட்டே விட்டாள்.

"சேர், தகரம் எல்லாம் வாங்கி வச்சிருக்கோம். மகள் புள்ளப்பேறுக்கு வருது. பச்சப்புள்ள மேல தண்ணி சொட்டுனா தாங்குமா சேர்?"

"தகரம் எந்தக் கடையிலும் கிடைக்கும் அம்மா. இப்படி ஓர் ஒழுக்கு கிடைக்குமா?"

"பக்கத்து வீட்டுலயும் ஒழுகுதுங்க சேர்."

"அது வெறும் தண்ணீர்" என்றார் கலாநிதி, பொறுமையாக. "இது இலக்கியம்."

அம்மாக்கண்ணு அண்ணாந்து பார்த்தாள். வித்தியாசம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தானே, தனக்குத் தெரியாமலிருப்பது நியாயம்தான் என்று விட்டுவிட்டாள்.

பிறகு செயலாளர் ஜெயந்தினி வந்தாள். ஒழுக்குக்குக் கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் பேசினைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. முதலாளி பிறந்த காலத்தில் பிளாஸ்டிக் ஏது? பேசினை எடுத்துப் போய்விட்டு, அட்டன் நகரத்துக் கடையொன்றில் தேடிப்பிடித்த பழைய பித்தளைச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது கண்காட்சிப் பொருள் என்பதால் யாரும் கை வைக்கக்கூடாது. ஆகவே சட்டி நிறைந்து வழிந்தாலும் வெளியே கொண்டுபோய் ஊற்ற முடியாது. மாயாண்டி ஒரு கரண்டியால், சட்டியில் படாமல், தண்ணீரை மொண்டு வாளியில் விட்டுக்கொண்டிருந்தான்.

பங்குனியில் ஷாமிலா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்கினாள். பேரவை இலவசமாகக் கொடுத்த நாவல் அலமாரியில் கிடந்தது. வேலை இல்லாத பிள்ளை, ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டாள்.

"அம்மா, அந்த ஆளுக்கே இந்த ஒழுக்கு புடிக்கலம்மா. அதனாலதான் ஓடிப்போயி சம்பாரிச்சு பங்களா வாங்கியிருக்கான்."

அம்மாக்கண்ணு இதை அப்படியே கலாநிதியிடம் சொன்னாள். "அது மேலோட்டமான வாசிப்பு" என்று அவர் சொல்லிவிட்டார்.

திறப்பு விழாவையும் பங்குனியில்தான் வைத்தார்கள். கொளுத்துகிற வெயில். வாரக்கணக்கில் மழை இல்லை. கூரை எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. பிரதம அதிதி வந்து ஒழுகாத ஒழுக்கைத் திறந்துவைக்க முடியுமா? கடைசி நேரத்தில் நகரத்திலிருந்து தண்ணீர் பௌசர் வண்டி ஒன்றை வரவழைத்தார்கள். லயத்தில் குடிதண்ணீர் வற்றி, பெண்கள் குடத்தோடு அலைந்துகொண்டிருந்த சமயம். பௌசரைக் கண்டதும் எல்லோரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களை வரிசையாக நிற்கச்சொல்லி, கையில் ஆளுக்கொரு கொடியைக் கொடுத்தார்கள்.

கலாநிதி பேசினார். "நான் கண்டியில் ஒழுகாத வீடொன்றில் வாழ்கின்ற துர்ப்பாக்கியசாலி. என் வீட்டுக் கூரை கொங்கிறீட். மழை பெய்தால் ஜன்னல் வழியே பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த அம்மாவோ மழைக்குள்ளேயே வாழ்கிறார். இந்தப் பாக்கியத்தை அவரிடமிருந்து பறிக்க எவரையும் பேரவை அனுமதிக்காது."

பிரதம அதிதி அவரை மிஞ்சிவிட்டார். "எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் இந்த லயத்துக்கு என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் எதுவும் செய்யாமல் விட்டதால்தான் இன்றைக்கு நமக்கு இந்த ஒழுக்கு கிடைத்திருக்கிறது. எங்கள் காலத்தில் இதில் ஒரு சொட்டும் குறையாது என்று உங்கள் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன்."

அம்மாக்கண்ணு தன் ஆயுசில் எத்தனையோ மேடை வாக்குறுதிகளைக் கேட்டவள். நிறைவேறப்போகிற ஒன்றை இப்போதுதான் கேட்டாள்.

ரிப்பன் வெட்டியதும் பௌசர்க்காரன் குழாயைக் கூரைமேல் திருப்பினான். தண்ணீர் மழை போல விழவில்லை, ஆறு போல விழுந்தது. கட்டில், அரிசிப் பெட்டி, சாமிப் படம், பிரதம அதிதியின் வேட்டி எல்லாம் நனைந்தன. உள்ளே குடை பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். மாயாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அம்மாக்கண்ணு அன்றைக்குக் காலையில் மட்டும் கொழுந்தெடுத்துவிட்டு விழாவுக்கு வந்ததால் அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

விழாவில் மனம் புண்பட்டுப் போனவர் ஒருவர் இருந்தார். தோட்டத் தலைவர் செல்லசாமி. தொழிற்சங்கத்தின் பெயரில் எல்லா நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்கிறவர். லயத்தின் மறுகோடி வீடு அவருடையது. போன தேர்தலில் ஓடியாடி வேலை செய்ததற்குப் புதுக் கூரைத் தகரம் கிடைத்தவர். அவரை மேடைக்குக் கூப்பிடவில்லை. அம்மாக்கண்ணு வீட்டு இஸ்தோப்பில், அந்தத் தகரக் கட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டே முழு விழாவையும் பார்த்தார்.

மறுநாள் பீலிக்கரையில், விழாவில் ஒழுகி வாளியில் சேர்ந்த தண்ணீரில் ஷாமிலா துணி அலசிக்கொண்டிருந்தபோது அவர் அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன தலைவரே, நேத்து மேடையில ஒங்களக் காணோம்?"

"கூப்பிட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"அந்தப் பொன்னாட ஒங்களுக்குத்தான் எடுப்பா இருந்திருக்கும். எங்கப்பா அத மப்ளர் கட்டிக்கிட்டு கவ்வாத்து வெட்டப் போயிருக்காரு."

தலைவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "எத்தன வருசமா தலைவரா இருக்கேன். என் வாசல்ல ஒரு வேன் வந்து நிக்கலயே புள்ள."

"எப்பிடி நிக்கும்? ஒங்களுது மொத வீடாப் போச்சு. கடைசி வீடா இருந்திருந்தா முதலாளி அங்க பொறந்திருப்பாரு."

"மொத வீடா?" தலைவர் எழுந்துவிட்டார். "எவன் சொன்னான் மொத வீடுன்னு?"

அவர் எழுந்த வேகத்தைப் பார்த்து ஷாமிலா ஒன்றும் தெரியாதவள் போலச் சோப்பைத் தேடினாள்.

ஒரு வாரம் கழித்து, தலைவர் லயத்துக் கிழவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு பேரவைக்குப் போனார். அவர் சொன்னது இதுதான். இப்போது பெரட்டுக்களம் ஸ்டோர் ரோட்டில், அவர் வீட்டுப் பக்கம் இருக்கிறது. காலையில் ஆட்கள் கூடி வேலை பிரிக்கிற அந்த இடத்திலிருந்து பார்த்தால் அவருடையது முதல் வீடு, அம்மாக்கண்ணுவினுடையது கடைசி வீடு. ஆனால் முதலாளி பிறந்த காலத்தில் பெரட்டுக்களம் அந்தப் பக்கம், மாயாண்டி வீட்டுக்கு அடுத்து இருந்தது. விடியலில் தப்படித்து ஆட்களை எழுப்புகிறவன் அங்கேதான் தொடங்குவான். கங்காணியும் அங்கிருந்துதான் கதவைத் தட்டிக்கொண்டு வருவார். கடைசியாகத் தட்டுகிற கதவு தலைவருடைய தாத்தாவின் கதவு. "கங்காணி கடைசியா எழுப்புற வீடுதான் சேர் கடைசிக் காம்பரா. லயத்துல வேற கணக்கு கெடையாது."

இது உண்மையா என்று பேரவை கேட்கவில்லை. இதுவரைக்கும் எதைப் பற்றியும் அப்படிக் கேட்டதில்லை. விசாரணைக்குழு வேனில் வந்தது. மாயாண்டியைக் கூப்பிட்டார்கள்.

"உங்களுடையது முதல் வீடா, கடைசி வீடா?"

"எந்தப் பக்கமிருந்து பாத்தாலும் ஒழுகுற வீடு சேர்."

'சாட்சி தெளிவாக இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். அம்மாக்கண்ணு பூண்டுலோயாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பழைய பெரட்டுக்களத்தைக் கண்டதில்லை. ஆகையால் அவளைக் கேட்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று, இந்த வாய்ச்சண்டையில் யார் ஜெயித்தால் தகரம் மேலே ஏறும் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். சித்திரை பிறந்துவிட்டது. பின்னேரங்களில் இடி கேட்கத் தொடங்கியிருந்தது.

கலாநிதியின் நிலைமை பாவமாக இருந்தது. கடைசிக் காம்பரா தலைவருடையது என்றால் அது ஒழுகவில்லை. ஒழுகுகிற காம்பரா அம்மாக்கண்ணுவினுடையது என்றால் அது கடைசி இல்லை. தலைவர் வீட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்தார். மல்லாந்து கிடந்தார். சுகமாகத் தூக்கம்தான் வந்தது. எழுப்பியபோது அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உபகுழு கூடியது. தீர்வு கண்டது. ஒழுக்கு என்பது கூரையில் இருக்கிறது, வீட்டில் இல்லை. காலப்போக்கில் ஏதோ ஒரு நிர்வாகக் குளறுபடியால் மூல ஒழுக்கு மூல இடத்தை விட்டு மறுகோடிக்கு வந்துவிட்டது. அதை அதன் சொந்த இடத்தில் மீளக் குடியமர்த்துவதே நீதி.

ஆட்கள் வந்து அம்மாக்கண்ணு வீட்டுப் பழைய தகரங்களைக் கழற்றினார்கள். ஓட்டை ஒன்றுகூடப் பெரிதாகிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு தகரத்தையும் பிரசவித்தவளைத் தூக்குவது போல நாலுபேர் தூக்கினார்கள். அம்மாக்கண்ணு தலைக்கு மேலே பார்த்தாள். கூரை இருந்த இடத்தில் கருமுகில் இருந்தது.

"சேர்" என்றாள். "அப்ப எங்க தலைக்கு மேல?"

கலாநிதி கையில் இருந்த கடதாசியைப் புரட்டிப் பார்த்தார். "அது எங்கள் ஆய்வு எல்லைக்குள் வராது அம்மா."

அம்மாக்கண்ணு கை எடுத்துக் கும்பிட்டாள். பேரவை வந்த நாள் தொட்டு அவள் மனசாரக் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். வேன் வளைவில் திரும்புவதற்குள் மாயாண்டி ஏணியை வைத்துவிட்டான். லயத்து ஆம்பிளைகள் எல்லோரும் கேட்காமலே வந்து, இஸ்தோப்பில் இருந்த புதுத் தகரங்களைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அவர்கள் யாரும் பேசவில்லை. பேசினால் பேரவைக்குக் கேட்டுவிடும் போல வேகமாக ஆணி அடித்தார்கள். முதல் மழை விழுந்தபோது கடைசித் தகரமும் ஏறியிருந்தது.

தலைவர் வீட்டில் பழைய தகரங்களைப் பொருத்தினார்கள். அவருடைய புதுத் தகரங்கள் பேரவையின் பொறுப்பில் கொட்டகலைக்குப் போயின. பலகை இடம் மாறியது, பித்தளைச் சட்டி இடம் மாறியது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி, 'ஒழுக்குக் காவலர்' என்று பட்டமும் கொடுத்தார்கள். அவருடைய மனைவி காளியாயி மட்டும், "கூரய வித்து சால்வ வாங்கியிருக்கீங்க" என்றாள். அவள் சொன்னதைப் பேரவை குறித்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் ஷாமிலாவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மலையை மறைத்துக்கொண்டு மழை ஊற்றிய ஒரு பின்னேரம், குழந்தையைச் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தகரத்தில் மழை அடிக்கும் சத்தம் காதை அடைத்தது. தரை காய்ந்திருந்தது. அதை நம்ப முடியாமல் அவள் அடிக்கடி உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் காளியாயிதான் வந்தாள். தலையில் சாக்கு, கக்கத்தில் சுருட்டிய பாய்.

"மதினி, ஒரு ஓரம் குடு. இடுப்புக் கடுக்குது."

"வாங்க மதினி. தலைவரு வரலையா?"

"அவரு எங்க வருவாரு? யுனிவேர்சிட்டிப் புள்ளைங்க வந்திருக்கு. நனஞ்சிக்கிட்டே வெளக்கம் குடுக்குறாரு."

காளியாயி சுவரோரம் பாயை விரித்துக் கால் நீட்டினாள். அவள் நீட்டி முடிப்பதற்குள் வாசலில் மறுபடி ஆள் சத்தம். கலாநிதி, ஜெயந்தினி, இன்னும் இரண்டு உபகுழுக்காரர்கள். எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். கலாநிதி ஒரு கடதாசிக் கோவையைச் சட்டைக்குள் வைத்துப் பிடித்திருந்தார்.

"அம்மா, கொஞ்ச நேரம் இங்கே உட்காரலாமா? அங்கே கூட்டம் நடத்த முடியவில்லை. கடதாசியெல்லாம் ஊறுகிறது."

"வாங்க சேர்" என்றாள் அம்மாக்கண்ணு. "மெதுவாப் பேசிக்கங்க. புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு."

அவர்கள் கால் துடைத்துவிட்டு வந்து தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஷாமிலா தேத்தண்ணி கொடுத்தாள். கலாநிதி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். தொட்டில் அசைந்தது. ஜெயந்தினி உதட்டில் விரல் வைத்தாள். கலாநிதி வாயை மூடிக்கொண்டார்.

பிறகு, மேடையில் முழங்குகிற அதே வசனங்களை, திருடர்கள் பேசுவது போல ரகசியக் குரலில் பேசிக் கூட்டத்தை நடத்தினார்கள். நவமணி முதலாளி பிறந்த இடம் நிரூபணமாகிவிட்டது. அடுத்த கேள்வி, அவருக்கு இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது என்பது. பிறந்த வீட்டில் ஏதாவது புதையல் கிடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லயத்துப் பிள்ளைக்குப் பங்களா வாங்கப் பணம் ஏது? ஆகவே தலைவர் செல்லசாமியின் வீட்டுத் தரையை, அடுப்படி உட்பட, முழு ஆழத்துக்கும் தோண்டிப் பார்ப்பதென்று தீர்மானம். ஆதரிப்பவர்கள் சத்தமில்லாமல் கையைத் தூக்கினார்கள்.

காளியாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி அம்மாக்கண்ணுவின் முழங்காலைத் தட்டினாள்.

"மதினி, நாளைக்கு அரிசியையும் அடுப்பையும் இங்கயே கொண்டாந்துறவா?"

"கொண்டாங்க" என்றாள் அம்மாக்கண்ணு.